இருநூற்றுப் பத்து வரை

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் நீ பிரித்திருக்கிறாய். அதுவே எனக்குப் பாதி வெற்றி. போனில் என் எண்ணைத் தடை செய்துவிட்டாய். தபால்காரரைத் தடை செய்யும் வசதி இன்னும் வரவில்லை என்பதால் பேனாவை எடுத்தேன்.

முதலில் என் உடம்புப் புராணம். பத்தொன்பது வருஷமாக வாரப் பத்திரிகையில் சிரிப்புப் பக்கம் எழுதி எழுதி, ஒரே நாற்காலியில் ஒரே பள்ளம் விழுந்து, என் முதுகெலும்பு கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"ஜனங்களைச் சிரிக்க வைக்கிறேன் டாக்டர்."

"மூட்டை தூக்குறவர் முதுகு மாதிரின்னா இருக்கு. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஆபரேஷன். இல்லேன்னா தண்ணியில பயிற்சி."

"ஆபரேஷனே பண்ணிடுங்க" என்றேன். அவர் சர்வீஸில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லையாம். என் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, அரை டவுசரும் ரப்பர் தொப்பியுமாக ஒரு குளத்தின் விளிம்பில் நின்றிருந்தேன். தொப்பி போட்டால் என் தலை உரித்த முட்டை மாதிரி இருக்கிறது. சொல்லப்போனால் போடாவிட்டாலும் அப்படித்தான்.

பயிற்சி கொடுக்கிறவள் முன்பு நர்ஸாக இருந்தவளாம். எல்லோரையும் "தங்கம்" என்பாள். "தங்கம், வயித்தை உள்ள இழுங்க."

"இழுத்துட்டேம்மா."

"ஓ... அதுதான் இழுத்ததா?"

ஒன்பது நாள் மார்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பத்தாம் நாள் அவள் போனில் யாரையோ திட்டிக்கொண்டு திரும்பி நின்றபோது, ஏன் என்று தெரியாது அக்கா, கம்பியை விட்டேன். மூச்சை இழுத்துக்கொண்டு குப்புறப் படுத்தேன். கையைக் காலை அகட்டி, மரக்கட்டையாக.

உடம்பு மறக்கவே இல்லை. காதுக்குள் அதே 'கும்' என்ற அமைதி. முதுகில் மட்டும் காற்று, மற்றதெல்லாம் தண்ணீர். ஒரு மாசமாகக் குத்திக்கொண்டிருந்த வலி, யாரோ கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி போய்விட்டது. முப்பத்து மூன்று வருஷம் கழித்து எனக்கு எடை இல்லை. தண்ணீருக்குள்ளேயே அழுதுவிட்டேன். அது ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

அதற்குள் 'தங்கம்' போனோடு குதித்துவிட்டாள். போன் செத்துவிட்டது. நான் பிழைத்தேன்.

இனி விஷயம். போன வாரம் அத்தான் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அரை மணி நேரம் பேசினார். அழுதது தெரியக்கூடாது என்று நினைத்தார் போல. பள்ளிக்கூட நீச்சல் வகுப்புக்குள் நீ ஓடிப்போய்க் குழந்தையை இழுத்ததையும், அவள் மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டதையும் சொன்னார். அவளைக் கூட்டிக்கொண்டு அவர் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். "உங்க அக்கா ஏன் இப்படிப் பண்ணினான்னு ஒரு காரணம் சொல்லட்டும் மாப்ள, நான் திரும்பி வந்துடறேன். வாயே திறக்க மாட்டேங்கறா. உங்க சின்னத் தம்பி தண்ணியில போனான்னு தெரியும். எப்படின்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

நான் அவரிடம் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. அதற்காகத்தான் உட்கார்ந்தேன். பார், நாலு பக்கம் ஆகிவிட்டது. அடுத்ததில்.

தம்பி


19-1

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில், சாப்பாட்டு இடைவேளையில், மாத்திரை எண்ணும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் படித்தேன். வீட்டுக்கு எடுத்துப் போக விருப்பமில்லை. வீட்டில் இப்போது நான் மட்டும்தான்.

உன் எண்ணை ஏன் தடுத்தேன் என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. அம்மா படுக்கையில் இருந்த கடைசி இரண்டு வாரமும் நான்தான் மருந்து கொடுத்தேன். அவளுக்கு யார் யாரென்று தெரியவில்லை. என்னை மட்டும் தெரிந்தது. அறைக்குள் நுழையும்போதெல்லாம் "எண்ணி முடிச்சியாடி?" என்று கேட்டாள். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. நீ கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாய். ஒரு தரம், ஒரே ஒரு தரம், "விடும்மா" என்று சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அவளை எடுக்கிற அன்று, "அம்மாவுக்கு எந்த வரிசையிலும் நின்னு பழக்கமில்ல, இங்கேயும் நம்மளை முந்திட்டாங்க" என்று வாசலில் நின்று சொன்னாய். நாலு பேர் சிரித்தார்கள். நான் அப்போதே கிளம்பினேன்.

குழந்தை விஷயம். உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதது இவ்வளவுதான். நான் அவளை அழைத்துவரப் போனேன். சீக்கிரம் போய்விட்டேன். குளத்தில் எட்டுக் குழந்தைகள் வரிசையாகக் குப்புறக் கிடந்தார்கள். மூன்றாவது என் பெண். கரையில் ஒரு வாத்தியார் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. பிறகு அவள் கை என் கையில் இருந்தது. "விடுங்கம்மா, கையை விடுங்க" என்று யாரோ கத்தினார்கள். எனக்கு விடத் தெரியவில்லை.

அவளுக்கு எட்டு வயது. நம் தக்கை தண்ணீரில் போனபோது அவனுக்கும் எட்டு வயது.

நீ குப்புறப் படுத்துப் பார்த்தேன், சுகமாக இருந்தது என்று எழுதுகிறாய். அதற்கு ஒரு தமாஷ் வேறு. எப்படி முடிந்தது உன்னால்?

சொல்ல வேண்டியது இருந்தால் ஒரு வரியில் சொல். நான் உன் வாசகி இல்லை.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

வரிசை பற்றிச் சொன்னது தப்பு. அன்றைக்கு யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்கு வாயில் தமாஷ் வந்துவிடும். சிலருக்கு விக்கல் வருகிற மாதிரி. மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒரு வரியில் சொல்லச் சொன்னாய். ஒரு வரி எழுதினால் என் ஆசிரியர் காசு தரமாட்டார், பழக்கமாகிவிட்டது. (பார், திரும்பவும்.) வேறு ஒன்று செய்கிறேன். அத்தானிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதைக் கீழே எழுதுகிறேன். நீ படித்துவிட்டுத் திருத்து. சரி என்று நீ சொன்னால் அவருக்கு அனுப்புகிறேன். காரணம்தானே கேட்கிறார்.

"அத்தான், நாங்கள் மூன்று பேர். அக்காவுக்குப் பதினாலு, எனக்குப் பதினொன்று, சின்னவனுக்கு எட்டு. தண்ணீரில் போட்டால் மூழ்க மாட்டான் என்பதால் அவனுக்குத் தக்கை என்று பேர். மில் குடியிருப்புக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. மழைத் தண்ணீர் நின்று பச்சையாக, ஆழமாக. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அங்கேதான் கிடப்போம். உலகத்தில் அதைவிடச் சந்தோஷமான இடம் எங்களுக்குத் தெரியாது.

மரக்கட்டை என்று ஒரு ஆட்டம். நாங்களே கண்டுபிடித்தது. ஒருவர் மூச்சுப் பிடித்துக் குப்புற மிதக்க வேண்டும். ஒருவர் எண்ண வேண்டும். எண்ணுகிறவர் தண்ணீருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், ஏனென்றால் ஆளைப் பார்த்தால் வேண்டியவருக்கு வேகமாகவும் வேண்டாதவருக்கு மெதுவாகவும் எண்ணுகிறார்கள் என்று தக்கை சண்டை போட்டு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தான். மூன்றாவது ஆள் பார்வைக்காரன். ஒவ்வொரு ஐம்பதுக்கும் மிதக்கிறவன் கால் கட்டைவிரலை ஆட்ட வேண்டும். ஆட்டினால் பார்வைக்காரன் 'ஆட்டிட்டான்' என்று கத்த வேண்டும். ஆட்டாவிட்டால் உடனே தூக்கிவிட வேண்டும். விரல் ஆடுகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் மிதந்தவனுக்கு ஆட்டம் போச்சு.

அன்றைக்கு அக்கா எண்ணினாள். நான் பார்வைக்காரன். என் சாதனை நூற்றெழுபது. தக்கை அதை முறிக்கிறேன் என்று இறங்கினான். ஐம்பதுக்கு ஆட்டினான். நூறுக்கு. நூற்றைம்பதுக்கு. இருநூறுக்கு. இருநூற்றுப் பத்தில் அக்கா, 'போதும்டா, பெரிய ஆள்தான்' என்று திரும்பினாள்.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா 'என்னடி பண்ணிக்கிட்டிருந்தே?' என்று கேட்டாள். 'எண்ணிக்கிட்டிருந்தேம்மா' என்றாள் அக்கா. அம்மா கேட்டது அது ஒன்றைத்தான். அதற்குப் பிறகு அவளிடம் வேறு எதையும் கேட்கவே இல்லை."

இவ்வளவுதான் எழுத முடிந்தது. இந்த வாரம் குளத்தில் எழுபத்தொன்று வரை மிதந்தேன். 'தங்கம்' பக்கத்திலேயே நின்று பத்து விநாடிக்கு ஒருமுறை தோளில் தட்டுகிறாள். நான் ஒவ்வொரு தட்டுக்கும் கட்டைவிரலை ஆட்டுகிறேன். எதற்கு ஆட்டுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

தம்பி


6-2

தம்பிக்கு,

நீ எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அன்று காலை தக்கை என் கணக்கு நோட்டில் நடுப்பக்கங்களைக் கிழித்துக் கப்பல் செய்திருந்தான். மறுநாள் பரீட்சை. எனக்கு ஆத்திரம். எண்ண உட்கார்ந்ததும், கொஞ்சம் திணறட்டும் என்று மெதுவாக எண்ணினேன். ஒவ்வொரு எண்ணையும் இழுத்து இழுத்து. முதுகைக் காட்டி உட்கார்ந்ததால் என் முகத்தில் சிரிப்பு இருந்ததை நீ பார்க்கவில்லை.

நீ "ஆட்டிட்டான்" என்று கத்தும்போதெல்லாம், சரி, இருக்கிறான், இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று நினைத்தேன். இருநூறுக்கும் ஆட்டினான் என்றாய். அப்படியென்றால் இருநூறுக்கும் இருநூற்றுப் பத்துக்கும் நடுவில்தான் போயிருக்கிறான். அந்தப் பத்து எண்களை நான் ரொம்பவும் இழுத்தேன் தம்பி. என் எண்ணிக்கை சரியாக இருந்திருந்தால் அவன் நூற்றெழுபதை எப்போதோ தாண்டி, தலையைத் தூக்கிக் கத்தியிருப்பான்.

அதற்குப் பிறகு நான் எதையும் மெதுவாக எண்ணியதில்லை. எண்ணாமலும் இருந்ததில்லை. மாடிப்படி, தெருவிளக்கு, பஸ்ஸில் ஏறுகிறவர்கள். ராத்திரி குழந்தையின் மூச்சு. அவள் பிறந்த வருஷம் நான் தூங்கவே இல்லை என்று அத்தான் உன்னிடம் சொல்லியிருப்பார். ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார். கவுண்டரில் என்னைப் பாராட்டுவார்கள். இருபத்து நாலு வருஷத்தில் ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதை எப்படி என் கணவரிடம் சொல்வேன்? ஆத்திரத்தில் ஒரு எட்டு வயதுப் பிள்ளையை மூச்சுத் திணற விட்டவள் நான், உங்கள் எட்டு வயதுப் பெண்ணைத் திரும்ப என்னிடம் கொடுங்கள் என்றா? அவர் தூக்கிக்கொண்டு போனது நியாயம். நான் அவராக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

அம்மா கேட்டதும் சரிதான். நான் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

நீ எழுதியதை அவருக்கு அனுப்ப வேண்டாம். இதோடு விட்டுவிடு.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

ஐம்பதுக்கு மட்டும்தான் பார்த்தேன்.

இதுதான் நீ கேட்ட ஒரு வரி. ஐம்பதுக்கு அவன் விரல் ஆடியது, நிஜம். அதற்குப் பிறகு நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. நூறு என்று நீ சொன்னதும் "ஆட்டிட்டான்" என்றேன், பார்க்காமல். நூற்றைம்பதுக்கும் அப்படித்தான். இருநூறுக்கும்.

நீ வறுகடலை வாங்கிவந்திருந்தாய். பொட்டலம் மடித்த தாள் ஏதோ பழைய பத்திரிகை. தின்று முடித்துத் தாளைப் பிரித்தால், துணுக்குப் பக்கம். ஒரு துணுக்கு பாதியில் நின்றது. கணவன் மனைவியிடம் ஏதோ கேட்கிறான், அவள் சொல்கிற பதில் கிழிந்து போயிருந்தது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தாளைத் திருப்பினேன், மறுபடி திருப்பினேன். நானே ஒரு பதில் கண்டுபிடித்தேன். நன்றாக இருந்தது. அதைச் சொல்லி உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று, நீ எப்போதடா எண்ணி முடிப்பாய் என்று காத்திருந்தேன். அந்தப் பொறுமை இல்லாமைதான் எனக்கு அன்றைக்கு இருந்த ஒரே கவலை.

அவன் எப்போது போனான் என்று எனக்குத் தெரியாது. எழுபதிலா, நூற்றிருபதிலா. நீ இழுத்தது ஒரு பொருட்டே இல்லை. நூறு என்றோ நூற்றைம்பது என்றோ நீ சொன்னபோது நான் தலையைத் தூக்கியிருந்தால் விரல் ஆடவில்லை என்று தெரிந்திருக்கும். நீ மெதுவாக எண்ணினாலும் வேகமாக எண்ணினாலும் அதற்காகத்தானே ஒருத்தனை உட்கார வைத்தோம். நீ முதுகைக் காட்டியது சட்டம். நான் முகத்தைக் காட்டாதது என் குற்றம்.

அன்றைக்கு அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் படுக்கையில் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நிலையில் சாய்ந்து நின்றேன் என்று எழுதியிருந்தாய். சாய்ந்து நிற்கவில்லை அக்கா. பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்தால் அது வந்துவிடும் என்று. தினமும் நாளைக்குச் சொல்கிறேன் என்று போனேன். அவளுக்கு நாளை தீர்ந்துவிட்டது.

நீ உன் மேல் பழி போட்டு எழுதாமல் இருந்திருந்தால் இதையும் எழுதியிருக்க மாட்டேன். இன்னும் நாலு கடிதம் முதுகு வலியைப் பற்றியே எழுதி, உன்னை லேசாகச் சிரிக்க வைத்து, சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைத்திருப்பேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

இந்தத் தாளை அத்தானிடம் கொடு. போன தடவை எழுதியதைக் கிழித்துப் போடு. உனக்குக் கொடுக்கத் தைரியம் இல்லாவிட்டால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இந்த வாரம் குளத்துக்குப் போகவில்லை.

தம்பி


28-4

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து வாரம் ஆகிறது. அதற்கிடையில் நீ அனுப்பிய மூன்றும் கிடைத்தன. பிரிக்கவில்லை. வாசலில் வந்து நின்றதும் தெரியும். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இறங்கி வரவில்லை.

முதல் வாரம் ஒரு வயதானவருக்கு முப்பது மாத்திரைக்குப் பதில் இருபத்தெட்டு கொடுத்தேன். திரும்பி வந்து, "என்னம்மா, எப்பவும் சரியா இருக்குமே?" என்றார். அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். "ரெண்டு மாத்திரைக்கா இப்படி, நானே தொலைச்சிருப்பேம்மா" என்று அவர் பதறிப்போனார்.

பிறகு உன் தாளை எடுத்துக்கொண்டு அத்தானின் தங்கை வீட்டுக்குப் போனேன். உனக்கு நான் எழுதியதையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுத்தேன், மெதுவாக எண்ணியதை. ஒன்றை மட்டும் கொடுத்தால் அது நியாயமில்லை. அவர் கதவருகே நின்றபடியே இரண்டையும் படித்தார். "பதினாலு வயசுடி உனக்கு" என்றார். அதை யாராவது எனக்குச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. உள்ளே வரச் சொன்னார்.

வீட்டுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். குழந்தையின் மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. போன ஞாயிறு அவளுக்கு நீச்சல். நானும் வரட்டுமா என்று கேட்டேன். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "வா. ஆனா கையைப் பிடிக்கக் கூடாது. வேணும்னா ஒரு விரலை மட்டும் பிடிச்சுக்கோ" என்றாள்.

இடுப்பளவுத் தண்ணீரில், அவள் நீட்டிய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மூஞ்சியை மட்டும் உள்ள விடும்மா, ஒண்ணும் பண்ணாது" என்றாள். விட்டேன். அப்புறம் காலும் தானாக மேலே வந்துவிட்டது. நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே, உடம்பு மறக்கவில்லை என்று. அது உண்மைதான். அதில் நீ பொய் சொல்லவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று மூன்று உறைக்குள்ளும் கேட்டிருப்பாய். பதினொரு வயதுப் பையனை எப்போதோ மன்னித்திருப்பேன். அவன் அன்று ராத்திரியே என் போர்வைக்குள் வந்து சொல்லியிருந்தால் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்போம். அம்மாவின் அறை வாசலில் நின்றவனுக்கு வயது நாற்பத்தொன்று. அவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன். தெரியாமலே போகலாம்.

முதுகுக்குத் தண்ணீர்தான் நல்லது. பயிற்சியை விடாதே. அந்த நர்ஸ் பக்கத்தில் இல்லாமல் மட்டும் இறங்காதே. நீ சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அவள்தான் விரலை இழுத்து எழுப்பினாள். கண்ணைத் துடைத்துப் பார்த்தால் கரையில் அத்தான் ஷூவோடு ஒரு காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் எண்ணியிருக்கவில்லை தம்பி. எத்தனை என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

வருகிற ஞாயிறும் போகிறோம், மூன்று பேரும். உன்னைக் கூப்பிடவில்லை.

அக்கா